நீதிபதி டீ: முதலில் எந்தப் புத்தகம்?

ராபர்ட் வான் குலிக் எழுதிய நீதிபதி டீ துப்பறியும் கதைகள் மொத்தம் 16 புத்தகங்கள். 14 நாவல்கள், இன்னொன்றில் இரண்டு குறுநாவல்கள், மற்றொன்றில் எட்டுச் சிறுகதைகள். இவை போக, அவர் சீனத்திலிருந்து மொழிபெயர்த்த பழைய நாவல் ஒன்றும் டீயின் பெயரில் இருக்கிறது. சரி, படித்துப் பார்க்கலாம் என்று கிளம்பினால் வரிசையிலேயே தலைவலி ஆரம்பிக்கிறது. அச்சில் முதலில் வந்த நாவல் ‘தி சைனீஸ் மேஸ் மர்டர்ஸ்’. எழுதி முடித்ததில் முதலாவது ‘தி சைனீஸ் பெல் மர்டர்ஸ்’. கதைக்குள் டீயின் வயதை வைத்துப் பார்த்தால் முதலாவது ‘தி சைனீஸ் கோல்ட் மர்டர்ஸ்’. போதாக்குறைக்கு, “ஆரம்ப நாவல்கள் எல்லாம் கனம், பின்னால் வந்த ஒல்லிப் புத்தகம் ஒன்றை எடு” என்று சொல்லும் கட்சியும் உண்டு.

என் ஓட்டு ‘கோல்ட் மர்டர்ஸ்’ பக்கம். ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. எது யாருக்குப் பொருந்தும் என்று சொல்ல வேண்டுமானால் வான் குலிக் யார், இந்தக் கதைகளை எதற்காக எழுதினார் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆரம்ப நாவல்களை எழுதிய கையும் கடைசி நாவல்களை எழுதிய கையும் ஒன்றுதான். எழுதியதன் நோக்கம்தான் நடுவில் மாறிவிட்டது.

1910இல் நெதர்லாந்தின் சுட்ஃபன் ஊரில் பிறந்தவர். அப்பா டச்சுக் காலனி ராணுவத்தில் மருத்துவர். அதனால் குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதி இன்றைய இந்தோனேசியாவில், படேவியாவில் கழிந்தது. சீன எழுத்துகள் மீதான மோகம் அங்கே தொற்றியது. பிறகு லெய்டன், உட்ரெக்ட் பல்கலைக்கழகங்கள். சீனம், ஜப்பானியம் மட்டுமல்ல, சமஸ்கிருதமும் படித்தார். 1932இல் காளிதாசனின் ஊர்வசி நாடகத்தை டச்சு மொழியில் கொண்டுவந்தார். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது ஹயக்ரீவர்: குதிரைத் தலைக் கடவுள் சீனத்திலும் ஜப்பானிலும் என்ன ஆனார் என்ற ஆராய்ச்சி. 1935இல் வெளியுறவுத் துறையில் சேர்ந்து டோக்கியோவுக்குப் போனார். போர் வந்ததும் 1942இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, அடுத்த ஆண்டு சீனாவின் போர்க்காலத் தலைநகரான சோங்சிங்குக்கு வந்து சேர்ந்தார். சுவே ஷிஃபாங் என்ற சீனப் பெண்ணை அங்கேதான் மணந்தார். வாஷிங்டன், மறுபடி டோக்கியோ, 1951 முதல் 53 வரை புதுதில்லி, பிறகு பெய்ரூட், கோலாலம்பூர், கடைசியில் ஜப்பானுக்கான தூதர். 1967இல் புற்றுநோயால் இறந்தபோது வயது 57.

உத்தியோகம் தூதரகத்தில் என்றாலும் மனசு முழுக்கப் பழஞ்சீனத்தில். குச்சின் என்ற ஏழு நரம்பு இசைக்கருவியை முறையாகக் கற்று வாசித்தார், அதைப் பற்றி 1940இல் ஒரு நூலும் எழுதினார். சீனத்திலும் ஜப்பானிலும் சமஸ்கிருதப் படிப்பு எப்படி நடந்தது என்று அவர் எழுதிய நூல் 1956இல் நாக்பூரில் அச்சானது. கோலாலம்பூரில் இருந்தபோது வீட்டில் கிப்பன் குரங்குகள் வளர்த்தார். சீன இலக்கியத்தில் கிப்பன் என்று அதைப் பற்றியும் ஒரு புத்தகம், இறந்த ஆண்டில் வெளிவந்தது. ஒரு மனிதர் ஒரு ஆயுளில் இவ்வளவையும் செய்துவிட்டு, நடுவில் பொழுதுபோக்காகத் துப்பறியும் கதை எழுதினார் என்றால் நமக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

டீ அவர் உருவாக்கிய ஆள் அல்ல. தி ரென்ஜியே (630–700) டாங் வம்ச காலத்தில் வாழ்ந்த நிஜ அதிகாரி. பேரரசி வூ ஜெத்தியனின் அமைச்சராக உயர்ந்தவர். தலைநகர நீதித்துறையில் இருந்தபோது ஒரே ஆண்டில் 17,000 பேர் தொடர்பான தேங்கிக் கிடந்த வழக்குகளைத் தீர்த்தார், ஒருவர்கூட முறையிடவில்லை என்று டாங் வரலாற்று நூல் அவரைப் புகழ்கிறது. காலத்தைப் பிடித்துக்கொள்ள நமக்கு ஒரு கொக்கி வேண்டுமென்றால்: ‘கோல்ட் மர்டர்ஸ்’ நடப்பது 663இல். காஞ்சிபுரம் வரை வந்துபோன யுவான் சுவாங் அப்போது சீனாவில் உயிரோடு இருக்கிறார். அடுத்த ஆண்டுதான் இறக்கிறார்.

கதைகளில் டீ ஒரு மாவட்ட நீதிபதி. நம் ஊர் கலெக்டர், ஜட்ஜ், எஸ்.பி., தாசில்தார் நான்கு பேரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தால் எப்படியோ அப்படி. வரி, பிறப்பு இறப்புப் பதிவு, கொலை, கொள்ளை, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். நீதிமன்ற வாசலில் ஒரு பெரிய வெண்கலச் சேகண்டி தொங்கும். எந்தக் குடிமகனும் அதை அடித்து முறையிடலாம். குற்றவாளி வாயால் ஒப்புக்கொண்டால்தான் தண்டனை. ஒப்புக்கொள்ள வைக்கச் சித்திரவதைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் தவறான ஆளை வதைத்து அவர் செத்துப்போனால் நீதிபதியின் தலைக்கே ஆபத்து. இந்தக் கடைசி விதி ஒன்று போதும், ஒவ்வொரு விசாரணையும் டீக்கே ஒரு சூதாட்டமாகிவிடும்.

இனி வாசல்களைப் பார்ப்போம்.

முதல் வாசல், வேரிலிருந்தே தொடங்குவது. ‘டீ கூங் ஆன்’ என்ற சீன நாவல் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்பது வான் குலிக்கின் கணிப்பு. எழுதியவர் பெயர் கிடையாது. 64 அத்தியாயங்களில் முதல் 30 மட்டுமே தரமானவை, மீதி வேறு யாரோ பின்னால் ஒட்டியது என்று முடிவு செய்து, அந்த முப்பதை மட்டும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1949இல் டோக்கியோவில் சொந்தமாக அச்சிட்டார். ஒரே நேரத்தில் மூன்று வழக்குகள்: விடியற்காலையில் இரட்டைக் கொலை, காயமே இல்லாத பிணம், விஷம் வைக்கப்பட்ட மணப்பெண். முன்னுரையில் சீனத் துப்பறியும் கதையின் இலக்கணத்தை அவர் விளக்கும் இடம் அருமை. குற்றவாளி யார் என்று பல நேரம் ஆரம்பத்திலேயே வாசகனுக்குத் தெரிந்துவிடும். ஆவிகள் வந்து சாட்சி சொல்லும். பாத்திரங்களுக்குக் கணக்கு வழக்கே இருக்காது. தண்டனை நிறைவேற்றுவதை அங்குலம் அங்குலமாக வர்ணிப்பார்கள். இதில் ஒரு காட்சி மறக்காது. எதற்கும் அசையாத ஒரு பெண்ணிடமிருந்து உண்மையை வரவழைக்க, டீ சிறையையே நரகத்தின் நீதிமன்றமாக ஜோடித்து, தானே யமராஜனாக உட்காருகிறார்.

சரக்கு நல்ல சரக்கு. இருந்தாலும் இதை முதலாவதாக நான் யாருக்கும் தரமாட்டேன். பழைய கதைசொல்லிகளின் நடை அது. ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பும் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும். துப்பறியும் கதை என்று நம்பிக் கையிலெடுத்தவர் பத்தாவது அத்தியாயத்தில் கொட்டாவி விட வாய்ப்பு அதிகம். வான் குலிக்கின் இரண்டு மூன்று நாவல்களைப் படித்துவிட்டு இங்கே திரும்பினால் கதையே வேறு: எதை எடுத்துக்கொண்டார், எதை மாற்றினார், எந்தக் கொலை உத்தி எந்த நாவலில் உருமாறி வந்தது என்று கண்டுபிடிக்கிற ருசி இருக்கிறதே, அது தனி. சீன வரலாற்றையோ சட்ட வரலாற்றையோ தொழிலாகப் படிப்பவர்கள் வேண்டுமானால் நேராக இதற்கே போகலாம்.

இரண்டாவது, அச்சான வரிசை. இதற்குப் பின்னால் இருக்கிற கதையே ஒரு நாவலுக்குக் காணும். அன்றைய சீன, ஜப்பானிய வாசகர்கள் தங்கள் சொந்தத் துப்பறியும் மரபை மறந்துவிட்டு மேற்கத்திய மலிவுக் கதைகளின் மட்டமான மொழிபெயர்ப்புகளில் மூழ்கிக் கிடக்கிறார்களே என்பது வான் குலிக்கின் ஆதங்கம். “உங்கள் வீட்டிலேயே இருக்கிறது பாருங்கள்” என்று காட்டத்தான் ஆங்கிலத்தில் முதல் பிரதி எழுதினார். அதை அடிப்படையாக வைத்துச் சீன, ஜப்பானியப் பதிப்புகள் கொண்டுவருவது திட்டம். முதலில் எழுதிய ‘பெல் மர்டர்ஸ்’ ஒரு பௌத்தக் கோயிலின் அழுக்கைப் பேசுகிறது. ஜப்பானியப் பதிப்பகம் கை வைக்கப் பயந்தது. அதனால் அடுத்து எழுதிய ‘மேஸ் மர்டர்ஸ்’ 1951இல் ஜப்பானிய மொழியில் முந்திக்கொண்டது. 1953இல் அவரே சீனத்தில் எழுதிய பதிப்பு சிங்கப்பூரில் வந்தது. ஆங்கில மூலம் 1956 வரை காத்திருந்தது.

அந்த ஜப்பானியப் பதிப்புக்கு அட்டையில் நிர்வாணப் பெண் படம் வேண்டும் என்று பதிப்பாளர் பிடிவாதம் பிடித்தாராம். படங்களை எல்லாம் மிங் வம்ச கால மரச்செதுக்குப் பாணியில் தானே வரைகிறவர் வான் குலிக். அந்தப் பாணியில் நிர்வாணம் உண்டா என்று தெரியாமல் வரைய மனம் வரவில்லை. பழம்பொருள் வியாபாரிகளுக்கு எழுதிப் போட்டு விசாரித்தார். கிடைத்தது மிங் காலக் காமச் சித்திரத் தொகுப்புகள். அட்டை வேலை ஒருபக்கம் முடிந்தது. மறுபக்கம் அந்தச் சித்திரங்களைப் பற்றித் தன் கையாலேயே எழுதி 1951இல் வெறும் 50 பிரதிகள் மட்டும் போட்டு, உலகின் நூலகங்களுக்கு அனுப்பினார். பழஞ்சீனத்தின் பாலியல் வாழ்க்கை பற்றி 1961இல் வந்த அவருடைய பெரிய ஆராய்ச்சி நூல் அதிலிருந்து முளைத்ததுதான். துப்பறியும் நாவலுக்கு அட்டை போடப் போய் ஒரு துறைக்கே அடித்தளம் போட்டுவிட்டு வந்த எழுத்தாளர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நாவலாக ‘மேஸ்’ எப்படி? ஊர் லான்ஃபாங், வடமேற்கு எல்லை. டீ பதவியேற்க வரும்போதே ஊர் ஒரு உள்ளூர் கொடுங்கோலனின் பிடியில் இருக்கிறது. பூட்டிய அறைக்குள் ஒரு தளபதியின் கொலை, காணாமல்போன பெண், இன்னொரு பக்கம் ஓர் உயில் வழக்கு. செத்துப்போன பழைய ஆளுநர் சொத்தையெல்லாம் மூத்த தாரத்து மகனுக்கு வாய்மொழியாகக் கொடுத்துவிட்டு, இளைய மனைவிக்கும் சின்னப் பையனுக்கும் ஒரு ஓவியச் சுருளை மட்டும் விட்டுப் போயிருக்கிறார். இளம் விதவை அந்தச் சுருளை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வருகிறாள். டீ அதை விரித்து வைத்து நாள்கணக்கில் பார்க்கிறார். மலை, பாதை, மரங்கள், ஒரு வீடு, அவ்வளவுதான். அந்த ஓவியத்துக்குள் ஆளுநர் எதை வைத்தார் என்பது வான் குலிக் கட்டிய புதிர்களில் முதல் வரிசையில் நிற்கிறது.

ஆனால் முதல் புத்தகத்துக்கு இது சரிப்படாது என்பதற்கு எனக்கு இரண்டு காரணங்கள். டீயின் நான்கு கையாட்களும் ஏற்கெனவே கூடவே இருக்கிறார்கள். யார், எங்கிருந்து வந்தார்கள் என்று நமக்கு விளங்க நேரமாகும். இரண்டாவது, எல்லைப்புறத்து உய்குர் இனத்தவரை அவர் காட்டுகிற விதமும், முக்கியமான ஒரு பெண் பாத்திரத்தின் பாலியல் விருப்பத்தையே வக்கிரமாகச் சித்திரிக்கிற விதமும் இன்றைக்கு நெருடும். வான் குலிக்மீது ஒரு பிடிப்பு வந்தபிறகு இதைத் தாண்டிப் போகலாம். முதல் அறிமுகமே அதுவாக இருக்க வேண்டாம்.

‘பெல் மர்டர்ஸ்’தான் உண்மையில் ‘கோல்ட்’டுக்குச் சரியான போட்டி. பூயாங் மாவட்டம், 668. முந்தைய நீதிபதி பாதியில் விட்டுப்போன வழக்கு டீயிடம் வருகிறது: ஹாஃப் மூன் தெருவில் கசாப்புக்காரர் ஒருவரின் மகள் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டிருக்கிறாள், அவளோடு ரகசியமாகப் பழகிய ஏழை மாணவன்மீது பழி. எல்லா ஆதாரமும் அவனுக்கு எதிராகத்தான். டீயோ அவன்மீது கோபப்படவும் செய்கிறார், அவன் சொல்வதை நம்பவும் செய்கிறார்.

இன்னொரு வழக்கு கோயில். பிள்ளை இல்லாத பெண்கள் அங்குள்ள கருணைத் தேவியிடம் வேண்டிக்கொண்டு ஒரு தனி மண்டபத்தில் இரவு தங்கினால் குழந்தை பிறக்கும் என்று பேச்சு. சந்தேகத்துக்கே இடமில்லாதபடி ஏற்பாடு: மண்டபத்துக்கு ஒரே கதவு, அந்தக் கதவைப் பூட்டி முத்திரை வைப்பது பெண்ணின் கணவன். காலையில் முத்திரை உடையாமல் இருக்கும். குழந்தையும் பிறக்கும். கோயிலுக்குக் காணிக்கை குவியும். ஊரே கும்பிடுகிற இடத்தில் கை வைக்க வேண்டிய டீ, எப்படி நகர்கிறார், யாரை உள்ளே அனுப்புகிறார், என்ன அடையாளம் வைக்கச் சொல்கிறார் என்பதை வான் குலிக் எழுதியிருக்கும் பகுதி, அவருடைய மொத்த எழுத்திலும் மிக இறுக்கமானது என்பேன். நிஜ தி ரென்ஜியே தெற்கில் 1,700க்கும் மேற்பட்ட அனுமதியில்லாத சிறு கோயில்களை இடிக்கச் சொன்னவர் என்பதை நினைவில் வைத்துப் படித்தால் இந்தப் பகுதி இன்னும் உறைக்கும். கன்ஃபூசிய அதிகாரிகளுக்குப் பிக்குகள்மீதும் தாவோயிஸ்டுகள்மீதும் இருந்த அவநம்பிக்கையை வான் குலிக் மழுப்பவில்லை. டீக்கு அந்த ஓரவஞ்சனை உண்டு. அது தெரியும்படியே எழுதியிருக்கிறார்.

பிறகு ஏன் ‘பெல்’ முதலிடத்தில் இல்லை? மூன்றாவது வழக்குதான் காரணம். கான்டனிலிருந்து இரண்டு வணிகக் குடும்பங்களின் தலைமுறைப் பகை. பெயர்கள், உறவுமுறைகள், பழைய மனுக்கள் என்று சரமாரியாக வந்து விழும். சீனப் பெயர்களுக்குப் பழகாத கண் அங்கே தடுமாறும். எல்லா நாவல்களிலும் முதலில் வழக்குவாரியாகப் பாத்திரப் பட்டியலும், ஊரின் வரைபடமும் வான் குலிக் தருவார். ‘பெல்’ படிக்கும்போது ஒரு விரலைப் பட்டியல் பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டுதான் படிக்க முடியும். பெரிய ரஷ்ய நாவல்களை இப்படியே படித்துப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘பெல்’லில் தொடங்கலாம்.

இப்போது ‘கோல்ட் மர்டர்ஸ்’. 1959இல் வந்தது, கதையில் டீக்கு முப்பத்து மூன்று வயது. தலைநகரில் காகிதம் புரட்டிச் சலித்துப்போய், யாரும் போக விரும்பாத கடற்கரை மாவட்டமான பெங்லாயைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறார். அங்கே முந்தைய நீதிபதி தன் நூலகத்தில் தேநீரில் கலந்த விஷத்தால் செத்துக் கிடந்தார். உள்ளே யாரும் வந்துபோனதாகத் தெரியவில்லை. செத்தவரின் ஆவி நீதிமன்ற வளாகத்தில் நடமாடுவதாகச் சிப்பந்திகள் நடுங்குகிறார்கள்.

போகிற வழியிலேயே கதை பிடித்துக்கொள்கிறது. துணைக்கு வயதான உதவியாளர் ஹூங் மட்டும். ஆளில்லாத சாலையில் இரண்டு வழிப்பறிக்காரர்கள் மறிக்கிறார்கள். குதிரைகளையும் பொருளையும் கேட்கிறார்கள், அதுவும் மரியாதையாக. டீ பரம்பரை வாளை உருவிவிடுகிறார். சண்டை மும்முரமாக இருக்கும்போது குதிரைப்படை ஒன்று வந்து சேர்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருவர் தலையும் உருளும். டீ சொல்கிறார்: இவர்கள் என் உதவியாளர்கள், நெடுநேரம் குதிரையில் வந்த அலுப்புத் தீர வாள்பயிற்சி செய்துகொண்டிருந்தோம். படை போய்விடுகிறது. கொள்ளைக்காரர்கள் இருவரும் என்ன பேசுவதென்று தெரியாமல் நிற்கிறார்கள். மா ஜூங், சியாவ் தாய் என்ற இந்த இரண்டு பேரும்தான் பின்னால் வரும் கதைகளில் டீயின் வலது கையும் இடது கையும்.

நான்கு பக்கத்துக்குள் டீயின் குணம் முழுக்க வந்துவிடுகிறது: கோபம், வாள்மீது கொஞ்சம் கர்வம், சட்டத்தை விடாத மனிதர் சட்டத்துக்கு வெளியே இருப்பவர்களிடம் காணும் நேர்மை. ‘மேஸ்’ஸிலும் ‘பெல்’லிலும் இந்தக் குணம் ஏற்கெனவே தெரிந்ததுபோல் பேசப்படும், இங்கே கண்முன் நடக்கிறது. மூன்று வழக்கு என்ற பழைய சீன அச்சை ‘கோல்ட்’டும் விடவில்லை. ஆனால் இதற்குள் மூன்று நாவல் எழுதிக் கை பழகிவிட்டதால் இழைகள் சிக்காமல் ஓடுகின்றன. தேநீர் விஷத்துக்கான விடையோ, ‘டீ கூங் ஆன்’ படித்தவரைப் புன்னகைக்க வைக்கும். குறை என்று சொன்னால், கொரிய நாட்டவர் குடியிருப்பில் நடக்கும் பகுதிகளில் விறுவிறுப்புக் கொஞ்சம் தொய்யும், இளம் பெண் ஒருத்தியின் கதையில் அன்றைய கௌரவக் கோட்பாட்டை ஆசிரியர் கேள்வியே கேட்காமல் விட்டுவிடுகிறார்.

சரி, ஒல்லிப் புத்தகக் கட்சியின் வாதம்? அதிலும் நியாயம் இருக்கிறது. ‘சைனீஸ்’ என்று தொடங்கும் ஐந்து நாவல்களோடு வான் குலிக்கின் வாதாடும் வேலை முடிந்தது. பிறகு எழுதியவற்றில் பாத்திரங்களைக் குறைத்தார், டீயுடன் ஒன்றிரண்டு உதவியாளர்களை மட்டும் வைத்துக்கொண்டார், கதையை ஒரு கட்டடத்துக்குள்ளோ ஒரு தீவுக்குள்ளோ இரண்டு மூன்று நாளுக்குள் அடக்கினார். இந்தப் புது வரிசையின் முதல் புத்தகங்கள் அச்சானது கோலாலம்பூரில். 1961இல் அங்கே வந்த ‘தி ஹாண்டட் மோனாஸ்டரி’ முழுக்க ஒரே இரவில் நடப்பது. மலைப்பாதையில் புயல், வண்டியின் அச்சு முறிகிறது, டீ தன் மனைவியரோடும் உதவியாளர் தாவ் கானோடும் ஒரு தாவோயிஸ்ட் மடத்தில் ஒதுங்குகிறார். அவருக்குக் கடுமையான ஜலதோஷம் வேறு. மாடி ஜன்னலை அடைக்கப் போனவர், எதிர்ப்பக்க ஜன்னலுக்குள் தலைக்கவசம் அணிந்த ஒருவன் ஒற்றைக் கை இல்லாத பெண்ணொருத்தியோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கிறார். காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொள்கிறது. திரும்பத் திறந்தால் எதிரே வெறும் சுவர். விசாரித்தால், அந்தச் சுவரில் என்றைக்குமே ஜன்னல் இருந்ததில்லை என்கிறார்கள். தலைபாரத்தோடு, தும்மிக்கொண்டே, விடியும்வரை அந்த மடத்தின் படிக்கட்டுகளில் ஏறி இறங்குகிறார் டீ. 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒரு படம் எடுக்க இதைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை.

ரயிலில் ஒரு ராத்திரிப் பயணத்துக்கு, அல்லது “எனக்குச் சீன வரலாறெல்லாம் வேண்டாம், நல்ல மர்மக் கதை போதும்” என்பவருக்கு நான் கொடுப்பது இதுதான். ஆனால் ஒன்று: இதில் டீ நீதிமன்ற நாற்காலியில் உட்கார்வதில்லை. சேகண்டி அடித்து வரும் முறையீடு, பொதுமக்கள் வேடிக்கை பார்க்க நடக்கும் விசாரணை, மண்டியிட்ட சாட்சி, இதெல்லாம் இல்லாத டீ பாதி டீதான். ஒல்லிப் புத்தகங்களை மட்டும் படித்தவர்கள் “நன்றாக இருந்தது” என்று வைத்துவிட்டுப் போவதையும், ‘சைனீஸ்’ நாவலில் தொடங்கியவர்கள் வரிசை முழுக்கத் தேடி அலைவதையும் கவனித்திருக்கிறேன்.

சிறுகதைத் தொகுப்பான ‘ஜட்ஜ் டீ அட் வொர்க்’ ஆசை காட்டும். எட்டுக் கதை, வெவ்வேறு ஊர், வெவ்வேறு வயது. கோட்டைக்குள் நடந்த கொலையின் முடிச்சு ஓர் அலுவலகக் கோப்பின் எண்ணில் இருக்கும் கதை, அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். டீயின் வாழ்க்கைக் காலவரிசையை வான் குலிக்கே தயாரித்துப் புத்தகக் கடைசியில் தந்திருப்பதால் கையேடாகவும் உதவும். நடுவில் படிக்க உகந்தது.

திரையில் தொடங்கலாமா என்றால், 2010இல் வந்த ஹாங்காங் படத்தை டீ என்று நம்பிப் போகாதீர்கள். அது மாயாஜால சாகசம், வான் குலிக்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவர் கதைகளை வைத்தே 2024இல் ஒரு சீனத் தொடர் வந்தது. டச்சுக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய சீனக் கதையைச் சீனர்கள் சீனத்தில் எடுத்திருக்கிறார்கள். 1950இல் அவர் போட்ட கணக்கு இவ்வளவு சுற்றிப் போய்ப் பலித்திருக்கிறது.

வரலாற்று நாவல் என்று நம்பி வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கதை நடப்பது 7ஆம் நூற்றாண்டு டாங் காலம்; ஆடை, வீடு, பழக்கவழக்கம் எல்லாம் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டு மிங் காலம். இது கவனக்குறைவு அல்ல. பழைய சீன நாவலாசிரியர்கள் எந்தக் காலத்துக் கதையையும் தங்கள் காலத்து உடையில்தான் சொன்னார்கள். அந்த வழக்கத்தையே பின்பற்றுகிறேன் என்று பின்னுரையில் சொல்லிவிடுகிறார். அதே மூச்சில், சீனர்கள் அப்போது சடைப்பின்னல் வைத்துக்கொள்ளவில்லை, அது 1644க்குப் பிறகு மஞ்சூக்கள் திணித்தது, புகையிலையும் அபினியும் அப்போது கிடையாது என்று மேற்கத்திய வாசகரின் கற்பனையைத் திருத்தவும் செய்கிறார். பெங்லாய் முதல் லான்ஃபாங் வரை டீ வகிக்கும் மாவட்டப் பதவிகளும் கற்பனைதான். டாங் காலத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். பழஞ்சீன நீதிமன்றம் எப்படி மூச்சுவிட்டது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கதை இலக்கியத்தில் அரிது. 13ஆம் நூற்றாண்டில் நீதிபதிகளுக்காகத் தொகுக்கப்பட்ட 144 வழக்குகள் கொண்ட ஒரு கையேட்டையே மொழிபெயர்த்து 1956இல் வெளியிட்டவர் அவர். பல புதிர்களின் விதை அங்கிருந்து வந்தது. எந்த வழக்கு எந்தப் பழைய நூலிலிருந்து என்று பின்னுரையில் கணக்கு ஒப்படைத்துவிடுவார். அதனால்தான் பின்னுரையை முன்னால் புரட்டக் கூடாது. கொலையாளி அங்கே சர்வசாதாரணமாக உட்கார்ந்திருப்பார்.

எதில் தொடங்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: ‘தி சைனீஸ் நெய்ல் மர்டர்ஸ்’, ‘மர்டர் இன் கான்டன்’. இரண்டிலும் நமக்குப் பழகிய ஒருவரை இழக்கிறோம். பழகாமல் போனால் அந்த இழப்பு வெறும் தகவல். அதிலும் ‘நெய்ல்’ வான் குலிக் எழுதியவற்றிலேயே இருண்ட நாவல். வடக்கே பனி கொட்டும் பெய்சோ, தடயமே இல்லாத கொலை, சந்தேகப்படும் பெண்ணைக் கூண்டில் நிறுத்திவிட்டு நிரூபிக்க முடியாமல் தன் பதவியையும் உயிரையும் பணயம் வைக்கும் டீ. சித்திரவதை விதியைப் பற்றி மேலே சொன்னேனே, அதன் முழுப் பாரமும் இந்த நாவலில் இறங்குகிறது. நான்கைந்து புத்தகம் முடித்துவிட்டு இதற்கு வந்தால் வான் குலிக் வெறும் புதிர்க்காரர் அல்ல என்று தெரியும்.

ஆக, நான் சொல்லும் வரிசை: ‘கோல்ட்’, அடுத்து தாவ் கான் அறிமுகமாகும் ‘தி சைனீஸ் லேக் மர்டர்ஸ்’, பிறகு ‘பெல்’. மூச்சு வாங்க ‘ஹாண்டட் மோனாஸ்டரி’. அதன் பிறகு ‘மேஸ்’, ‘நெய்ல்’. இதற்குள் பித்துப் பிடித்திருந்தால் ‘டீ கூங் ஆன்’. மீதியைக் கிடைக்கிற வரிசையில் படிக்கலாம். பதிப்புரிமை பிரிந்து கிடப்பதால் ஆங்கில மறுபதிப்புகள் ஒரே பதிப்பகத்திலிருந்து வருவதில்லை, அட்டைகளும் ஒத்துப்போகாது. பழைய பிரதி கிடைத்தால் அவர் வரைந்த படங்கள் உள்ளே இருக்கின்றனவா என்று மட்டும் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். சில படங்களில் துப்பும் ஒளிந்திருக்கும்.